ஒரு சாவியோடு வாங்கிய கார்

ஜூலை 6, ஞாயிறு

காரின் இடது ஹெட்லைட் நொறுங்கிப்போனது. பம்பர் ஒரு பக்கம் தொங்குகிறது. இன்ஜினுக்கு ஒன்றுமில்லை.

நேற்று சாயங்காலம் ஐந்தரை மணி. திருமயம் ரோட்டில் இருக்கும் டியூஷனிலிருந்து மகள் அமிழ்தாவைக் கூட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்குத் திரும்பும்போது வண்டி தார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கி மைல்கல்லில் இடித்துவிட்டது. வெயில் முகத்தில் அடித்தது. கண் கூசியிருக்கும்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் ஆடு குறுக்கே வந்ததாகச் சொன்னேன். மாட்டு டாக்டர் ஆட்டின் மேல் பழியைப் போட்டால் யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. அமிழ்தா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவளுக்கு வலது மணிக்கட்டில் சுளுக்கு. எங்கே இடித்துக்கொண்டாள் என்று சொல்லவில்லை. பிளஸ் டூ படிக்கிற பெண், எழுதுகிற கை. கிரேப் பேண்டேஜ் சுற்றிவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

வண்டியை மெக்கானிக் ஆரோக்கியசாமியிடம் விட்டேன். செகண்ட் ஹேண்டாக வாங்கிய நாளிலிருந்து, ஆறு வருஷமாக, இந்தச் சாம்பல் நிற வண்டியைத் தொடுகிற ஒரே ஆள் அவர்தான்.

"இந்த மாடலைக் கம்பெனியே நிறுத்திப் பன்னெண்டு வருஷம் ஆச்சு டாக்டரம்மா. புது லைட்டு எங்கயும் கிடைக்காது. திருச்சியில வண்டி உடைக்கிற கடையில சொல்லி வைக்கிறேன். அதே மாடல் வண்டி வந்திருந்தா கழட்டித் தருவாங்க."

பேசிக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தவர் பின்பக்கம் குனிந்து டயரைத் தடவிப் பார்த்தார்.

"பிரேக்கு அடிச்சீங்களா?"

"அடிச்சேன்."

"பின் டயர் ரெண்டுந்தான் தேஞ்சிருக்கு. முன்னாடி ஒண்ணும் தெரியல. ஹேண்ட்பிரேக் போட்டு இழுத்தா இப்படித் தேயும்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

ஹெட்லைட் வந்து மாட்டியாகிவிட்டது. பழைய வலது லைட் மஞ்சள் பூத்துக் கிடக்கிறது, வந்த இடது லைட் பளிச்சென்று இருக்கிறது. அது போதும். வண்டி ஓடுகிறது.

கால்நடை மருந்தகத்தில் இன்று கூட்டம். ஆடுகள் பதினேழு, கோழிக்கு மருந்து வாங்க வந்தவர்கள், பால் வற்றிய எருமை ஒன்று. கடைசியாக டீக்கடை பாக்கியம் தன் நாயைக் கொண்டுவந்தாள். நின்ற இடத்தில் நின்றபடி வாயை மெல்லுகிறதாம். கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஒரு நிமிஷத்தில் சரியாகி, எதுவும் நடக்காதது போல வாலை ஆட்டுகிறதாம்.

வலிப்பு என்றேன். அவள் நம்பவில்லை. "கை கால் இழுக்கலையே டாக்டர்" என்றாள். எல்லா வலிப்பிலும் கை கால் இழுக்காது, மூளையில் ஒரு மூலையில் மட்டும் வந்தால் இப்படித்தான் இருக்கும் என்று விளக்கினேன். மாத்திரை எழுதிக் கொடுத்தேன். ரோட்டுப் பக்கம் விடாதே, கிணற்றடியில் விடாதே, கட்டிப் போடு என்றேன்.

"பாவமா இருக்கே, சுத்தித் திரிஞ்ச நாயி."

"ரோட்டைத் தாண்டும்போது வந்துட்டா என்ன செய்வ?" என்று அதட்டினேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. என் உதவியாளர் செல்லக்கண்ணு உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

ஜூலை 13, ஞாயிறு

டியூஷனுக்குக் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். அமிழ்தா தோழியின் ஸ்கூட்டரில் போவதாகச் சொல்லிவிட்டாள். வீட்டிலிருந்து டியூஷன் ஒன்பது கிலோமீட்டர், அந்தப் பெண்ணுக்கு இன்னும் லைசென்ஸ்கூட வரவில்லை. சொன்னேன். "பரவாயில்லம்மா" என்றாள்.

ஜூலை 15, செவ்வாய்

கார் சாவியைக் காணவில்லை.

நேற்று சாயங்காலம் வந்ததும் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிற ஆணியில்தான் மாட்டினேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது. என் கைப்பை, பீரோ, துவைக்கப் போட்ட துணி, மருந்துப் பெட்டி, சோபா இடுக்கு, குப்பைக்கூடை எல்லாம் பார்த்தாயிற்று. இவர் என்னைவிட மும்முரமாகத் தேடினார். என் கணவர் சிதம்பரநாதன் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் வாத்தியார். வீட்டில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. இன்று பருப்பு டப்பாவைக்கூடத் திறந்து பார்த்தார். அமிழ்தா தேடவில்லை. கெமிஸ்ட்ரி புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மறந்து எங்கயாவது வச்சிருப்ப மங்கை" என்றார் இவர்.

இருக்கலாம்.

ஜூலை 16, புதன்

பஸ். ஒரு மணி நேரம் நின்றுகொண்டே போனேன்.

ஜூலை 17, வியாழன்

பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் சாவி செய்கிறவரிடம் போனேன். மாடலைச் சொன்னதும் தலையை ஆட்டினார். கதவுக்கு வேண்டுமானால் அறுத்துத் தருவாராம். ஸ்டார்ட் ஆகாதாம். சாவிக்குள் ஒரு சின்ன சிப் இருக்கிறது, அதை வண்டி அடையாளம் கண்டால்தான் இன்ஜின் ஓடும் என்றார். ஒரு சாவி கையில் இருந்தால் இன்னொன்று செய்வது சுலபம், ஒன்றுமே இல்லாவிட்டால் கஷ்டம் என்றார்.

வண்டியை எனக்கு விற்றவர் காரைக்குடியில் இருக்கும் இன்ஜினியர். விற்கும்போது ஒரு சாவிதான் கொடுத்தார். இன்னொன்றைத் தேடித் தருகிறேன் என்றார். ஆறு வருஷம் கழித்து இன்று போன் செய்தேன். என்னை ஞாபகமே இல்லை. வண்டியை மட்டும் ஞாபகம் இருந்தது. "நல்ல வண்டிம்மா அது. இன்னும் ஓடுதா?" என்று கேட்டார். வீடு மாறியபோது அந்தச் சாவி எங்கோ போய்விட்டதாம்.

ஜூலை 19, சனி

திருச்சி ஷோரூம். ஆர்.சி. புக், ஆதார், எல்லாம் கொண்டுபோனேன். சாவியோடு வந்த நம்பர் தகடு இருக்கிறதா என்றார்கள். இல்லை. அது இல்லாவிட்டால் தலைமை ஆபீசுக்கு எழுத வேண்டும், ஆறு வாரம் ஆகலாம், இந்த மாடலுக்கு வராமலும் போகலாம் என்று ஒரு பெண் தன்மையாகச் சொன்னாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

போக வர பஸ்ஸில் நன்றாகத் தூங்கினேன். எனக்குத் தூக்கம் போதவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஜூலை 22, செவ்வாய்

ஆரோக்கியசாமி ஒரு வழி சொன்னார். இதே மாடலில் உடைத்த வண்டி ஒன்றிலிருந்து மூன்றையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். சாவி, சாவி போடுகிற இக்னிஷன் பூட்டு, இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டர் பெட்டி. மூன்றும் ஒன்றையொன்று அடையாளம் காணும். அப்படியே நம் வண்டியில் மாட்டிவிடலாம். பழைய சாவி அப்புறம் கதவை மட்டும் திறக்கும்.

"கிடைக்குமா?"

"தேடணும் டாக்டரம்மா. கொஞ்ச நாள் ஆகும்."

எப்போது கேட்டாலும் என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர், இன்று ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

ஜூலை 24, வியாழன்

காலை பத்து இருபதுக்கு மேலப்பட்டியிலிருந்து பெரியநாயகி போன் செய்தாள். கன்று போட முக்கிக்கொண்டிருந்த மாடு, நீர்க்குடம் உடைந்து ஒரு மணி நேரம் ஆகியும் கால் மட்டும் தெரிகிறது, தலை வரவில்லை என்றாள். கன்றின் தலை பின்னால் திரும்பியிருக்கும். கையை விட்டுத் திருப்பி எடுக்க வேண்டும். நேரம்தான் எல்லாம்.

மருந்தகத்திலிருந்து மேலப்பட்டி பதினோரு கிலோமீட்டர். கார் இருந்தால் கால் மணி நேரம். செல்லக்கண்ணு தடுப்பூசி போட வேறு ஊருக்குத் தன் பைக்கில் போயிருந்தார். ஷேர் ஆட்டோ நிறையும் வரை நகராது. முழு ஆட்டோவாகப் பேசி வரச்சொல்லி, அது வந்து, பாதி வழியில் ரயில்வே கேட் மூடி, நான் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று இருபது.

தலையைத் திருப்பி வெளியே எடுத்துவிட்டேன். நல்ல செவலைக் கிடாரிக் கன்று. மூச்சு இல்லை. மூக்கைத் துடைத்து, நெஞ்சைத் தேய்த்து, பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி எல்லாம் செய்து பார்த்தேன். மாடு பிழைத்துக்கொண்டது.

பெரியநாயகி என்னைக் குறை சொல்லவில்லை. வாளியில் வெந்நீரும் சோப்பும் கொண்டுவந்து வைத்தாள். "கார் என்னம்மா ஆச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

"சாவி தொலஞ்சு போச்சு."

மாடு கன்றை நக்கிக்கொண்டேயிருந்தது.

இதை வீட்டில் சாப்பிடும்போது சொன்னேன். இவர் கேட்டுக்கொண்டே இருந்தவர் பாதியில் எழுந்துபோய்க் கை கழுவினார். அமிழ்தா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

ஜூலை 29, செவ்வாய்

ஆரோக்கியசாமி போனை எடுப்பதில்லை. நான்கு தடவை அடித்தேன்.

ஆகஸ்ட் 2, சனி

நானே திருச்சிக்குப் போனேன். வண்டி உடைக்கிற கடைகள் இருக்கிற தெருவில் ஒவ்வொரு கடையாகக் கேட்டேன். கதவுகள் ஒரு பக்கம், சீட்டுகள் ஒரு பக்கம், கண்ணாடிகள் ஒரு பக்கம் என்று தனித்தனியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். நாலாவது கடை சையது இப்ராஹிம் என்பவருடையது. அறுபது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

"புதுக்கோட்டையா? ஆரோக்கியசாமி கேட்ட செட்டுதானே இது?"

எனக்குப் புரியவில்லை.

"ஹெட்லைட்டும் நம்மகிட்டதான் வாங்கினாரு. பத்து நாளைக்கு முன்னாடி போன் பண்ணி சாவி செட்டு இருக்கான்னு கேட்டாரு. இருக்கு, அனுப்பவான்னேன். சரின்னாரு. மறுநாள் கூப்பிட்டு இப்ப வேணாம் பாய், ஓனர் வீட்ல வேணாங்கிறாங்கன்னுட்டாரு."

"நான்தான் ஓனர்."

அவர் கண்ணாடியை மாட்டி என்னைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்ச் செட்டை எடுத்துவந்தார். பூட்டு, பெட்டி, கருப்புப் பிளாஸ்டிக் பிடி போட்ட ஒரு சாவி. எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று கேட்டேன். பின்னால் பஸ் இடித்த வண்டி, ஓட்டினவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார். நான் கேட்காமலேயே அதைச் சொன்னார்.

வீட்டில் இவரிடம் எதுவும் கேட்கவில்லை. செட் கைப்பையில் இருக்கிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஆரோக்கியசாமி ஒர்க்‌ஷாப்பில் செட்டைப் பெஞ்சின் மேல் வைத்தேன். வண்டியைக் கட்டி இழுத்து வரச் சொல்லி, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன். மூன்று மணி நேரம் ஆனது. அவரே வேலை பார்த்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே படுத்து, பழைய பூட்டைக் கழற்றிப் புதியதை மாட்டி, பெட்டியை மாற்றி, சாவியைப் போட்டுத் திருப்பினார். இன்ஜின் முதல் தடவையே ஸ்டார்ட் ஆகிவிட்டது.

"டாக்டரம்மா, சார்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு..."

"வண்டி என் பேர்ல இருக்கு ஆரோக்கியம்."

"தெரியும்மா."

"நான் ஒரு நாள் லேட்டாப் போனதால ஒரு கன்னுக்குட்டி செத்துப்போச்சு. அது தெரியுமா?"

அவர் சாவியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். ஒன்றரைக் கிலோமீட்டர், நானே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கிளட்ச் இறுக்கமாக இருக்கிறது. வேறு குறை இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

காலை எட்டு மணிக்குக் காரை எடுத்தேன். முன் கதவைத் திறந்து இவர் ஏறி உட்கார்ந்தார். மடியில் என் சாப்பாட்டுப் பை.

"ஸ்கூல்?"

"லீவு போட்டிருக்கேன். நானும் வர்றேன்."

"எதுக்கு?"

"சும்மாதான்."

சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். டவுனைத் தாண்டினோம். இவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது, சைக்கிளோடு சரி. கார் வாங்கியதிலிருந்து முன் சீட்டில் உட்கார்ந்தால் ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்கிவிடுவார். இன்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ரோட்டைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் வளைவில் கியர் மாற்றக் கையை இறக்கினேன். என் கை அவர் கைமேல் பட்டது. இவருடைய வலது கை ஹேண்ட்பிரேக்கைப் பிடித்திருந்தது. சும்மா வைத்திருக்கவில்லை. நரம்பு புடைக்கப் பிடித்திருந்தார். உள்ளங்கை வேர்த்துப் பிடியெல்லாம் ஈரம்.

கொஞ்ச தூரம் ஓட்டினேன். எதிரே ஒரு பஸ் வந்தது. பஸ் எங்களைக் கடந்ததும் இவர் மூச்சை விட்டார். எனக்கு அது கேட்டது.

பெட்ரோல் பங்க் தாண்டிப் புளியமரத்தடியில் ஓரங்கட்டினேன். இன்ஜினை அணைத்தேன். இவர் கையை எடுக்கவில்லை.

"அமிழ்தா சொன்னாளா?" என்றேன்.

"அன்னிக்கே சொல்லிட்டா."

சட்டைப் பையிலிருந்து என் பழைய சாவியை எடுத்து டேஷ்போர்டில் வைத்தார். அதன் நீல நூல்கூட அப்படியே இருந்தது.

"இத்தனை நாள் எங்க வச்சிருந்தீங்க?"

"ஸ்கூல்ல. லேப் பீரோவுல."

பருப்பு டப்பாவைத் திறந்து பார்த்த ஆள். எனக்குக் கோபம் வந்தது. மூன்று வாரம் பஸ்ஸில் அலைந்தேன், திருச்சிக்கு இரண்டு தடவை போனேன், ஒரு கன்று செத்தது, எல்லாம் தெரிந்தும் பார்த்துக்கொண்டிருந்தீர்களா என்று கேட்டேன். என்னவெல்லாமோ கேட்டேன். திருட்டு வேலை என்றுகூடச் சொல்லிவிட்டேன். இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அந்தக் கன்னுக்குட்டி என் கணக்குலதான்" என்றார். "ஒத்துக்கிறேன். அன்னிக்கே சாவியைக் கொடுத்துடலாம்னுகூட நினைச்சேன். அமிழ்தா வேணாம்னு அழுதா."

"என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ என்ன சொல்லியிருப்ப?"

ஆடு வந்தது என்று சொல்லியிருப்பேன். 

இவர் ஆரோக்கியசாமிக்குப் போன் செய்தார். அவர் யாருடைய பைக்கிலோ பின்னால் உட்கார்ந்து இருபது நிமிஷத்தில் வந்து சேர்ந்தார். எங்கள் இருவரையும் மருந்தகத்தில் இறக்கிவிட்டு வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோனார். நான் அறுபத்து மூன்று ஆடுகளுக்குக் குடற்புழு மருந்து கொடுத்தேன். இவர் மரப் பெஞ்சில் உட்கார்ந்து சாயங்காலம் வரை பேப்பர் படித்தார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

அமிழ்தாவிடம் கேட்டேன். ஒரு மாதமாகக் கேட்காமல் இருந்துவிட்டேன். அவள் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு என்ன பார்த்த? முழுசா சொல்லு."

துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். "நான் போன் பார்த்துட்டிருந்தேன். வண்டி மெதுவா லெஃப்ட்ல ஒதுங்குது. அம்மான்னு கூப்பிட்டேன். நீ திரும்பல. கண்ணு திறந்துதான் இருந்துச்சு. வாய் மட்டும் எதையோ மெல்லுது. ஒரு கையால சேலைத் தலைப்பைத் தடவிட்டே இருந்த."

"கால் ஆக்சிலேட்டர்ல இருந்துச்சா?"

"தெரியல. வண்டி நிக்கல. ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன், வரல. ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுத்தேன். அப்புறம் இடிச்சிருச்சு."

அப்படியானால் மணிக்கட்டில் சுளுக்கு விழுந்தது அங்கேதான்.

"இடிச்ச அப்புறமும் நீ மென்னுட்டே இருந்தம்மா. கொஞ்ச நேரம் கழிச்சு என்னைப் பார்த்து, டியூஷன் முடிஞ்சிருச்சான்னு கேட்ட."

நான் கேட்டது எனக்கு ஞாபகம் இல்லை.

"வீட்டுக்கு வந்து ஆடுன்னு சொன்ன. பொய் சொல்றியா, இல்ல நிஜமாவே உனக்கு ஆடு தெரிஞ்சுதான்னு எனக்குப் புரியல. அதனாலதான் பயந்துபோய் அப்பாகிட்ட சொன்னேன்."

"பொய்தான்" என்றேன்.

அவளுக்கு அதில் ஒரு நிம்மதி வந்த மாதிரி இருந்தது. மீதித் துணியை நான் எடுத்தேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மழை. மருந்தகத்தில் வேலை குறைவு.

ஆகஸ்ட் 16, சனி

திருச்சியில் நரம்பியல் டாக்டர். பெண் டாக்டர், என்னைவிடச் சின்னவர். தலையில் ஒயர்களை ஒட்டி ஒரு டெஸ்ட், அப்புறம் ஸ்கேன். மூளையில் வலது பக்கம் பழைய தழும்பு ஒன்று இருக்கிறதாம், மிளகு அளவு. வேறு பயப்பட ஒன்றும் இல்லை என்றார். நோயின் பெயரைச் சொன்னார். நானும் தலையாட்டினேன். மாத்திரை எழுதினார். கார் ஓட்டக் கூடாது என்றார். தலையாட்டினேன்.

"இந்த ஜூலை மாசம்தான் முதல் தடவையா?"

இவர் எனக்கு முந்திக்கொண்டு "ஆமா டாக்டர்" என்றார்.

 டாக்டர் பேனாவோடு காத்திருந்தார்.

"இல்ல. போன வருஷத்துக்கு முந்தின வருஷம். தீபாவளி முடிஞ்சு ஒரு வாரம். மாட்டுக்கு ஊசி போட்டுட்டு நின்னேன். அப்புறம் பார்த்தா சிரிஞ்ச் கீழே கிடக்கு, மாட்டுக்காரர் டாக்டர் டாக்டர்ன்னு கூப்பிட்டுட்டிருக்காரு. என்னாச்சும்மா, கண்ணைத் திறந்துட்டே தூங்குனீங்களான்னு கேட்டாரு."

"அதுக்கு அப்புறம்?"

"எனக்குத் தெரிஞ்சு ஏழு தடவை."

"வண்டி ஓட்டும்போது?"

"ரெண்டு. முதல் தடவை ஊருக்குள்ள, சிக்னல்ல நிக்கும்போது. பின்னாடி ஹாரன் அடிச்சாங்க."

இதையெல்லாம் நான் இதுவரை எங்கேயும் எழுதவில்லை. இந்த நோட்டில்கூட. நாய்க்கு வந்திருந்தால் முதல் நாளே பெயர் சொல்லியிருப்பேன்.

 மாத்திரை வாங்கி, ஆட்டோ பிடித்து, பஸ் ஸ்டாண்ட் வந்தோம். புதுக்கோட்டை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கீரனூர் தாண்டும்போதுதான் வாயைத் திறந்தார்.

"அப்ப அவ பத்தாவது."

"ம்."

"தினமும் நீதான் காலையில ஸ்கூல்ல கொண்டுபோய் விட்ட."

 ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அவருடைய பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இவர் என்னிடம் பேசவில்லை. காலை காபி போட்டு வைத்தார், மாத்திரையையும் தண்ணீரையும் பக்கத்தில் வைத்தார். பேசவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

இன்றும்.

ஆகஸ்ட் 23, சனி

சாயங்காலம் இவர் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் எதிரே உட்கார்ந்து ஆய்ந்தேன். ஒவ்வொரு பூவிலும் நரம்பை எடுத்துப் போட்டுக்கொண்டே, "ஏன் மறைச்ச?" என்று கேட்டார்.

ஓட்ட விடமாட்டீர்கள் என்பதால்தான் என்றேன். முப்பத்தொன்பது வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டதைச் சொன்னேன். அதற்கு முன்னால் மாட்டுக்காரர்கள் அனுப்புகிற பைக்கில், டிராக்டரில், ஒரு தடவை வைக்கோல் வண்டியில்கூட உட்கார்ந்து போனதைச் சொன்னேன். கார் வந்த பிறகு யாரையும் எதிர்பார்க்காமல் போனேன், வந்தேன், அதை விட மனசு வரவில்லை என்றேன்.

"அதுக்கு அவளை வச்சு ஓட்டுவியா?"

"தப்புதான்."

"தப்புன்னு சொன்னா போதுமா?"

"போதாது."

ஆய்ந்த பூவை என் பக்கம் தள்ளிவிட்டு, "உப்புப் பார்த்துப் போடு, போன தடவை கரிச்சுது" என்றார். ஏழு நாள் கழித்து வந்த முதல் சாதாரணப் பேச்சு. உப்பைக் குறைத்துத்தான் போட்டேன்.

செப்டம்பர் 3, புதன்

மாத்திரையால் கொஞ்சம் தூக்கக் கலக்கம். பத்து மணிக்கு மேல் தெளிந்துவிடுகிறது. வேறு ஒன்றும் வரவில்லை. வந்தால் சொல்ல அமிழ்தா, இவர், செல்லக்கண்ணு மூவருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். செல்லக்கண்ணு தினமும் மெயின் ரோட்டு நிறுத்தத்திலிருந்து பைக்கில் கூட்டிப் போகிறார். கால்நடைத் துறை இணை இயக்குநருக்கு எழுதிப் போட்டேன். அவசரக் கேஸ்களுக்கு கால்நடை ஆம்புலன்ஸ் வண்டியைத் திருப்பிவிட ஏற்பாடு செய்கிறேன் என்று பதில் வந்திருக்கிறது. நேற்று ஒரு கன்று பிழைத்தது. காளைக் கன்று.

செப்டம்பர் 28, ஞாயிறு

வண்டியைப் பார்க்க ஆள் வந்தது. ஆரோக்கியசாமிதான் கூட்டிவந்தார். ரெஜினா, ஆலங்குடிப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். முப்பது வயது இருக்கும். டூட்டி முடிந்து நேராக வந்திருந்தாள்.

நன்றாகப் பார்த்து வாங்குகிற பெண். பானெட்டைத் திறக்கச் சொன்னாள், டயரை உதைத்துப் பார்த்தாள், ஆர்.சி. புக்கை வரிவரியாகப் படித்தாள். ஹெட்லைட் ஏன் ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை என்று கேட்டாள். இக்னிஷனுக்கு ஒரு சாவி, கதவுக்கு வேறு ஒன்றா என்று கேட்டாள். இரண்டையும் கொடுத்தேன். தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு. ஏன் டாக்டர் விக்கிறீங்க?"

ஆரோக்கியசாமி முந்திக்கொண்டார். "அம்மா புது வண்டி எடுக்கப் போறாங்க."

"இல்ல" என்றேன். "எனக்கு வலிப்பு வருது. ஜூலை மாசம் என் பொண்ணைக் கூட்டிட்டு வரும்போது வந்து மைல்கல்லுல இடிச்சேன். அதனாலதான் ஒரு லைட்டு மாத்தினது. இனிமே நான் ஓட்டப் போறதில்ல."

இவர் காபி டம்ளர்களோடு வாசலில் நின்றிருந்தார்.  ஆரோக்கியசாமி தரையைப் பார்த்தார்.

ரெஜினா என்னைப் பார்த்தாள். வார்டில் நோயாளியைப் பார்க்கிற பார்வை, நீளமாக இல்லை.

"மருந்து சாப்பிடுறீங்களா?"

"சாப்பிடுறேன்."

"நேரம் தவறாம?"

"தவறல."

"சரி" என்றாள். இவர் கையிலிருந்து காபியை வாங்கிக்கொண்டாள். "ஸ்டெப்னி எப்படி இருக்குன்னு பார்த்துடலாமா டாக்டர்?"

டிக்கியைத் திறந்து காட்டினேன்.